இந்தியக் கல்வி அமைச்சகம்: தலைமை வகித்தோரும் தந்து சென்றவையும்

ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் நாள் தேசியக் கல்வி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் பிறந்த நாளை இவ்வாறு போற்றுவதென 2008-ஆம் ஆண்டில் மத்திய அரசு முடிவு செய்தது. நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு பெருமகனார் இந்நாட்டின் கல்விக்கு அடித்தளமிட்டார் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆனால் அவர் தலைமை வகித்த அந்த அமைச்சகம் எப்போது தோன்றியது, அவருக்கு முன்னும் பின்னும் அதனை நடத்தியோர் யாவர், அவர்களுடைய முடிவுகள் நம் பிள்ளைகளின் வாழ்வில் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பனவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. பள்ளியின் பாடநூல், பல்கலைக்கழகப் பட்டம், சிறுபான்மைக் கல்லூரிக்கான உரிமை ஆகிய அனைத்திலும் அத்துறையின் கை உண்டு. ஆதலின் அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

ஆங்கிலேயர் காலத் தொடக்கம்

1854-ஆம் ஆண்டில் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, மாகாணந்தோறும் கல்வித்துறை அமைக்க வழி செய்தது. அதன் பயனாக 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு முஸ்லிம்களின் கல்வி நிலையைத் தனியே ஆராய்ந்து பரிந்துரைகள் வழங்கியது. எனினும் தலைநகரில் கல்விக்கெனத் தனித்துறை எதுவும் அன்று இருக்கவில்லை. உள்துறையின் ஒரு கிளையாகவே கல்வி நிர்வகிக்கப்பட்டு வந்தது.

1910-ஆம் ஆண்டில்தான் இந்திய அரசில் கல்விக்கெனத் தனித்துறை உருவாயிற்று. சர் ஹார்கோர்ட் பட்லர் அதன் முதல் உறுப்பினராக வைஸ்ராயின் நிர்வாக சபையில் அமர்ந்தார். அதற்கடுத்த ஆண்டிலேயே கோபால கிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்விக்கான மசோதா ஒன்றைச் சட்டசபையில் கொண்டுவந்தார். 1912-இல் அது 38-க்கு 13 என்ற வாக்கு வேறுபாட்டில் தோற்கடிக்கப்பட்டது. குழந்தைகள் அனைவருக்கும் கல்வி என்ற கோரிக்கை அன்று அடைந்த தோல்வியை ஈடுசெய்ய நாட்டிற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

பட்லருக்குப் பின் 1915-இல் கல்வி உறுப்பினரானவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் சி. சங்கரன் நாயர். ஜாலியன்வாலாபாக் படுகொலையையும் பஞ்சாபில் நடந்த இராணுவ ஆட்சிக் கொடுமைகளையும் கண்டித்து 1919-இல் அவர் பதவியைத் துறந்தார். மனச்சான்றுக்காகப் பதவியைத் துறக்கும் நெஞ்சுரம் அத்துறையின் தொடக்கக் காலத்திலேயே வெளிப்பட்டது குறிப்பிடத்தக்கது.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி கல்வி மாகாண அமைச்சர்களின் பொறுப்பாயிற்று. மத்தியில் ஏற்படுத்தப்பட்ட மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு, சிக்கனத்தைக் காரணம் காட்டி 1923-இல் கலைக்கப்பட்டு 1935-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. கல்வித்துறையும் சுகாதாரம், நிலம் ஆகியவற்றோடு சேர்க்கப்பட்டு, 1945-இல்தான் மறுபடியும் தனித்துறையானது. 1946-இல் அமைந்த இடைக்கால அரசில் சிறிது காலம் இராஜாஜி இப்பொறுப்பை வகித்தார். 1947 ஜனவரியில் மௌலானா ஆசாத் அதனை ஏற்றார்.

கல்லூரி வாசலை மிதிக்காத கல்வி அமைச்சர்

1888-ஆம் ஆண்டு மக்கா மாநகரில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த ஆசாத் எந்தப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். தந்தையாரிடமும் வீட்டிற்கு வந்த ஆசிரியர்களிடமும் அரபி, பார்சி, தத்துவம், கணிதம், மார்க்கக் கல்வி ஆகியவற்றைக் கற்றார். ஆங்கிலத்தைத் தம் சொந்த முயற்சியாலேயே கற்றுக்கொண்டார். 1912-இல் 'அல்-ஹிலால்' இதழைத் தொடங்கி, ஆங்கில ஆட்சிக்கு எதிராக உர்து வாசகர்களைத் தட்டியெழுப்பினார். அரசு அவரை ராஞ்சியில் காவலில் வைத்தது. 1923-இல், 35 வயதில், தில்லியில் கூடிய காங்கிரஸின் சிறப்பு மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். 1940 முதல் 1946 வரை மீண்டும் அக்கட்சியின் தலைவராக இருந்தார். 1942-இல் அகமத்நகர் கோட்டையில் சிறைவைக்கப்பட்டபோது, 1943-இல் அவருடைய துணைவியார் சுலைகா பேகம் கல்கத்தாவில் காலமானார். இறுதியாக ஒருமுறை அவரைக் காணும் வாய்ப்பும் ஆசாத்துக்குக் கிட்டவில்லை.

இத்தகையவரிடம் கல்வி அமைச்சகம் ஒப்படைக்கப்பட்ட நேரம் மிகக் கொடியது. பிரிவினையின் குருதி காயவில்லை. கருவூலத்தில் பணமில்லை. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 18.33 விழுக்காட்டினர், பெண்களில் 8.86 விழுக்காட்டினர் மட்டுமே. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1944-இல், ஆங்கில அரசின் கல்வி ஆலோசகர் ஜான் சார்ஜென்ட் அளித்த அறிக்கை, அனைவருக்கும் கல்வி கிடைக்க 40 ஆண்டுகள் ஆகும் எனக் கணித்திருந்தது. இரண்டு தலைமுறையினர் எழுத்தறியாமலேயே முதுமை எய்துவர் என்பதே அதன் பொருள். ஆசாத் அவ்வளவு நீண்ட காலத்தை ஏற்கவில்லை. பி.ஜி. கேர் தலைமையில் அமைந்த குழு அதனை 16 ஆண்டுகளாகக் குறைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அரசியலமைப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, 14 வயது வரையிலான அனைத்துக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலவேண்டும் என 45-ஆம் பிரிவில் வகுத்தது.

பதினோராண்டுப் பணி

1947 முதல் 1958 பிப்ரவரி 22-ஆம் நாள் காலமாகும் வரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆசாத் அப்பொறுப்பில் இருந்தார். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு 1948-இல் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் தொடர்ச்சியாக 1953 டிசம்பர் 28 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவை ஆசாத் தொடங்கிவைத்தார். 1956-இல் அதற்குச் சட்டத் தகுதி கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு 1952-இல் அமைந்தது. இன்று நாம் காணும் மேல்நிலைக் கல்வியின் வித்துகள் பலவும் அக்குழுவின் அறிக்கையில் உள்ளன.

ஆங்கிலேயர் விடுதலை வீரர்களை அடைத்துவைத்திருந்த வங்காளத்தின் ஹிஜ்லி காவல் முகாம், சுதந்திரத்திற்குப் பின் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. தாமே பல்லாண்டுகள் சிறையில் கழித்த ஆசாத், 1951 ஆகஸ்ட் 18 அன்று கரக்பூரில் அதனை முறைப்படி திறந்துவைத்தார். சங்கீத நாடக அகாதமி (1953), சாகித்திய அகாதமி (1954), லலித் கலா அகாதமி (1954), இந்தியக் கலாசார உறவுகள் குழு (1950) ஆகியவையும் அவர் காலத்தில் தோன்றியவை. முதியோர் கல்வி எழுத்துக் கூட்டலோடு நின்றுவிடாமல் உடல்நலம், குடிமைப் பொறுப்பு ஆகியவற்றையும் கற்பிக்கவேண்டும் எனக் கருதி, அதற்குச் சமூகக் கல்வி எனப் புதுப் பெயரிட்டு விரிவாக்கினார்.

பிரிவினையால் நிலைகுலைந்திருந்த அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தைக் காக்கும் பொறுப்பு டாக்டர் ஜாகிர் உசேனிடம் 1948-இல் ஒப்படைக்கப்பட்டதற்கும் ஆசாத்தே முதற்காரணர். அப்பல்கலைக்கழகம் அன்று மூடப்படாமல் தப்பியது பெரும் செய்தியாகும்.

தமிழகத்தில் நம் முன்னோர் இதே காலத்தில் வாளாவிருக்கவில்லை. சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் 1951-இல் தோன்றின. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-இல் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி உருவாயிற்று. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தலாம் என்று அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு அளித்த உரிமை ஏட்டில் இருந்தது. அதனைக் கட்டடமாகவும் வகுப்பறையாகவும் ஆக்கியவர்கள் இப்பெருமக்களே.

பின்வந்த அமைச்சர்கள்

ஆசாத்துக்குப் பின் டாக்டர் கே.எல். ஸ்ரீமாலி பொறுப்பேற்றார். பாடநூல்களைத் தயாரிக்கும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 1961-இல் அவர் காலத்தில் நிறுவப்பட்டது. 1963-இல் சில மாதங்கள் பேராசிரியர் ஹுமாயூன் கபீர் அமைச்சராக இருந்தார். ஆசாத் தம் விடுதலைப் போராட்ட நினைவுகளை உர்துவில் சொல்லச் சொல்ல, அவற்றை ஆங்கிலத்தில் எழுதி நூலாக்கியவர் இவரே.

அதே ஆண்டு நவம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொறுப்பேற்றார். டாக்டர் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழுவை 1964-இல் அமைத்தவர் அவரே. தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்குச் செலவிடப்படவேண்டும் என 1966-இல் அக்குழு கூறியது. 1968-ஆம் ஆண்டுக் கொள்கையும் 2020-ஆம் ஆண்டுக் கொள்கையும் அதே இலக்கைத் திரும்பக் கூறின, எட்டியபாடில்லை. பின்னர் வெளியுறவு அமைச்சரான சாக்ளா, பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தின் இடத்தில் வட்டார மொழிகளை விரைந்து புகுத்தும் கொள்கையை ஏற்க இயலாமல் 1967-இல் பதவி விலகினார். சாக்ளாவுக்குப் பின் சில மாதங்கள் கல்வித்துறையை வகித்த பக்ருதீன் அலி அகமது 1974-இல் குடியரசுத் தலைவரானார். 1972 முதல் 1977 வரை அலிகரின் வரலாற்றுப் பேராசிரியர் சையத் நூருல் ஹசன் கல்வித்துறைக்குத் தலைமை வகித்தார்.

கணக்கிட்டுப் பார்ப்போமாயின், 1947 முதல் 1977 வரையிலான முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் இத்துறையை முஸ்லிம் பெருமக்களே நடத்தியுள்ளனர். 1977-க்குப் பின் ஒரு முஸ்லிம்கூட அதன் தலைமை அமைச்சராகவில்லை. இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்து, முன்னது பொற்காலம், பின்னது இருட்காலம் என்று முடிவுகட்டுவது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக அமையவில்லை.

அலிகர் தரும் பாடம்

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் சட்டப் போராட்டமே இதற்குச் சான்று. சர் சையத் அகமது கான் நிறுவிய கல்லூரி, 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் பல்கலைக்கழகமாயிற்று. அதன் உயர்மன்றத்தில் முஸ்லிம்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி 1951-இல், ஆசாத் அமைச்சராக இருந்தபோதே, புதிய அரசியலமைப்புக்கு ஏற்ப நீக்கப்பட்டது. 1965-இல் வளாகத்தில் துணைவேந்தர் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, சாக்ளாவின் அமைச்சகம் அவசரச் சட்டம் பிறப்பித்தது. உயர்மன்றம் ஆலோசனை கூறும் அவையாகச் சுருங்கிற்று. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட அஜீஸ் பாஷா வழக்கில், பல்கலைக்கழகம் நாடாளுமன்றக்கால முன்னோடிச் சட்டமன்றத்தின் சட்டத்தால் தோன்றியது, முஸ்லிம் சிறுபான்மையினரால் நிறுவப்பட்டதன்று என 1967-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972-இல் நூருல் ஹசன் காலத்தில் வந்த திருத்தமும் சமுதாயத்தின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று.

அலிகரின் முஸ்லிம் அடையாளத்தைச் சட்டத்தில் மீண்டும் எழுதிய 1981-ஆம் ஆண்டுத் திருத்தம், முஸ்லிம் அல்லாத அமைச்சர்களின் காலத்தில்தான் வந்தது. அதன் அடிப்படையில் மருத்துவ மேற்படிப்பில் முஸ்லிம்களுக்கு 50 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டபோது, 2006-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. இறுதியில் 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படையைத் தள்ளிவைத்தது. ஒரு நிறுவனம் சட்டத்தின்மூலம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றதனாலேயே அதன் சிறுபான்மைத் தன்மை போய்விடாது என்றும், அதனைத் தோற்றுவித்தோர் யார், எண்ணம் எவருடையது, நிதி எங்கிருந்து வந்தது என்பனவற்றை நோக்கவேண்டும் என்றும் கூறி, அலிகரைப் பற்றிய முடிவை வேறோர் அமர்வுக்கு விட்டது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நம் பெயர் தாங்கிய அமைச்சர் இருப்பதனாலேயே நம் உரிமை காக்கப்பட்டுவிடவில்லை. இல்லாமையாலேயே அது அழிந்துவிடவுமில்லை. ஆவணங்களைப் பாதுகாத்து, நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் பொறுமையாக வழக்காடியவர்களே அதனை உயிரோடு வைத்தனர். நிறுவனர் யார், நிதி தந்தவர் யார் என்பதற்கான பழைய ஏடுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவிதியையே முடிவு செய்கின்றன எனில், பள்ளிகளையும் மதரஸாக்களையும் நடத்தும் நம் ஜமாஅத்துகள் தத்தம் நன்கொடை ஏடுகளையும் பத்திரங்களையும் எவ்வளவு பேணிக் காக்கவேண்டும்!

மாநிலத்திலிருந்து மத்திக்கு

அமைச்சகத்தின் வலிமையைப் பெருக்கிய பெரும் மாற்றம் நெருக்கடிநிலைக் காலத்தில் நிகழ்ந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன்பின் மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் முரண்படுமிடத்தில் மத்தியச் சட்டமே மேலோங்கும் நிலை ஏற்பட்டது. நெருக்கடிநிலை நீங்கிய பின்னும் இம்மாற்றம் திரும்பப் பெறப்படவில்லை.

தமிழகம் இதனால் மிகுதியும் பாதிக்கப்பட்டது. 1968-இல் அண்ணா காலத்தில் இருமொழிக் கொள்கையை ஏற்ற நம் மாநிலம், மும்மொழித் திட்டத்தைத் தொடர்ந்து மறுத்துவந்துள்ளது. 1986-ஆம் ஆண்டுக் கொள்கை வழியாக வந்த நவோதயா பள்ளிகளையும் அக்காரணத்தால் ஏற்கவில்லை. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்க 2006-இல் தமிழகம் சட்டமியற்றியது; ஆயினும் 2017 முதல் மருத்துவ இடங்களுக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. 2020-ஆம் ஆண்டுக் கொள்கையோடு இணைந்த திட்டத்தில் சேராமையால் 2024-25-ஆம் ஆண்டுக்குரிய பள்ளிக்கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் வழங்கப்படவில்லை எனக் கூறி, 2025-இல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தை அணுகியது.

மாநிலங்கள் மத்திக்கு வழிகாட்டியதும் உண்டு. 1956-இல் காமராசர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கிய திட்டத்தின் வழியில், 1995-இல் மத்திய அரசு நாடு தழுவிய மதிய உணவுத் திட்டத்தை ஏற்படுத்தியது. பசித்த குழந்தை பள்ளிக்கு வராது என்ற எளிய உண்மையைத் தில்லிக்குக் கற்பித்தது தமிழகமே.

பெயர் மாற்றங்களும் சட்டங்களும்

1985-இல் அமைச்சகம் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எனப் பெயர் மாறியது. பி.வி. நரசிம்மராவ் அதன் முதல் அமைச்சர். 1998 முதல் 2004 வரை முரளி மனோகர் ஜோஷி தலைமையில், அனைவருக்கும் கல்வித் திட்டமும், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தமும் வந்தன. 2004-இல் பொறுப்பேற்ற அர்ஜுன் சிங் காலத்தில் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கான தேசிய ஆணையம் தோன்றியது. கபில் சிபல் காலத்தில் 2009-இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோகலே தோற்ற 98-ஆம் ஆண்டிலும், அரசியலமைப்பு குறித்த கெடு கடந்து 50 ஆண்டுகள் கழிந்த பின்னுமே அது கைகூடியது.

2020-ஆம் ஆண்டில் புதிய கல்விக் கொள்கையோடு கல்வி அமைச்சகம் என்ற பழைய பெயரும் மீண்டது. ஆனால் அப்பெயரை முதலில் தாங்கியவரின் நினைவு மங்கத் தொடங்கியுள்ளது. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் சிறுபான்மை மாணவர்களுக்காக அவர் பெயரில் 2009 முதல் சிறுபான்மையினர் நல அமைச்சகம் வழங்கிவந்த உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. 2023-இல் 11-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில், அரசியல் நிர்ணய சபையின் குழுக்களுக்குத் தலைமை வகித்தோரைக் குறிப்பிடும் வரியிலிருந்து ஆசாத்தின் பெயர் நீக்கப்பட்டிருந்தமை வெளிச்சத்துக்கு வந்தது.

நாம் சிந்திக்கவேண்டியது

2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, 2001-ஆம் ஆண்டு நிலவரப்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 விழுக்காடாக இருந்தபோது முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடே என்று காட்டியது. 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் குழந்தைகளில் நான்கில் ஒருவர் பள்ளியை எட்டாதவராகவோ இடைநின்றவராகவோ இருந்தார். முஸ்லிம் குழந்தைகள் யாவரும் மதரஸாவுக்கே செல்கின்றனர் என்ற பொய்க்கூற்றையும் அக்குழு தகர்த்தது. பள்ளி வயதினரில் 3 விழுக்காட்டினரே மதரஸாவில் பயின்றனர்.

19 ஆண்டுகள் நம் பெருமக்கள் தலைமை வகித்த துறை, நம் சமுதாயத்தை ஏன் முன்னேற்றவில்லை எனச் சிலர் வினவலாம். ஆசாத் ஒரு சமுதாயத்தின் அமைச்சராக அன்று, ஒரு நாட்டின் அமைச்சராகவே பணியாற்றினார், அதுவே முறை. மேலும், அக்காலத்தில் தொடக்கப் பள்ளிகள் மாநிலங்களின் பொறுப்பில் இருந்தன. தில்லி அமைச்சகம் ஐ.ஐ.டி.யையும் மானியக் குழுவையும் தர முடிந்தது. ஒரு சிற்றூரின் சிறுமி எட்டாம் வகுப்போடு நிற்காமல் காப்பது அவ்வூராரின் கையில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1951-இல் கல்லூரி கண்ட நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர்.

ஆகவே ஜமாஅத் பெருமக்களே, தேசியக் கல்வி நாளன்று ஆசாத்தின் படத்திற்கு முன் சொற்பொழிவு நிகழ்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் மஹல்லாவில் பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு நம் கையில் இருக்கவேண்டும். நின்றுபோன உதவித்தொகைக்கு ஈடாக, தகுதியுள்ள மாணவருக்கு நம் பொதுநிதியில் இடம் ஒதுக்கவேண்டும். பாடநூலிலிருந்து நீங்கிய பெயரை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லித் தரவேண்டும். அமைச்சர்கள் மாறுவர், அமைச்சகத்தின் பெயரும் மாறும். ஒரு தலைமுறை கற்றதை மட்டும் எந்த ஆணையாலும் திரும்பப் பெற இயலாது.